காட்பாடியில் ஒரு குளிர்ப்பெட்டி, இரண்டு மலைகளின் காபித் துரு

ஜவ்வாது மலையில் பறித்த காபி இலையைத் திருப்பினாலும் ஏற்காட்டில் பறித்ததைத் திருப்பினாலும் அடியில் அதே ஆரஞ்சுப் பொடிதான். மைக்ராஸ்கோப்பில் வைத்தாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இந்தப் பொடியை உண்டாக்கும் இலைத்துருப் பூஞ்சையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உலகில் பிரித்தறியப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது கண் அல்ல, காபிச் செடி. ஒரே பொடியைப் பல ரகங்களின் இலைமேல் வைத்து, எதில் பிடிக்கிறது, எதில் பிடிக்காமல் நின்றுவிடுகிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பெரிய ஆய்வகம் இல்லாமல் வேலூரில் செய்ய முடியுமா என்று முயன்று பார்த்தோம். முடியும். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் காட்பாடியில் இருக்கிறேன். தாவரவியல் சொல்லிக்கொடுப்பது வேலை. கூடவே உழைத்தவர்கள் என் மாணவிகள் இருவர். சோதனைக்கு மார்கழியும் தையும்தான் எங்கள் ஊரில் தோதான காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து மலையில் துரு நன்றாகப் பூத்திருக்கும். கீழே வேலூரிலும் இரவு குளிரும். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இந்த வேலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அந்த வெயிலே எங்களுக்கு ஒரு காவல் என்பதையும் சொல்ல வேண்டும். உலகம் முழுவதிலுமிருந்து வரும் காபித் துரு மாதிரிகளை வகை பிரிக்கும் மையம் போர்ச்சுகலில், லிஸ்பனுக்குப் பக்கத்தில் ஒய்ராஸ் என்ற ஊரில் 1955-இல் தொடங்கப்பட்டது. காபியே விளையாத ஐரோப்பாவில் ஏன்? விளையாததால்தான். வெவ்வேறு நாட்டுத் துருக்களை ஒரே கூரையின்கீழ் வைத்திருந்து, அதில் கொஞ்சம் தப்பி வெளியே பறந்தாலும், பிடித்துக்கொள்ள அங்கே காபித் தோட்டம் கிடையாது. பாலாற்றுச் சமவெளியில் இருக்கும் நமக்கும் அது பொருந்தும். இரண்டு மலைகளின் துருவை ஒப்பிட வேண்டுமானால், இரண்டு மலையிலும் இல்லாமல் கீழே வைத்து ஒப்பிடுவதுதான் நியாயம்.

முதலில் ஜவ்வாது மலை. வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஏறினால் தொலைநோக்கி நிற்கும் காவலூர் 725 மீட்டர் உயரத்தில் வரும். அதையும் தாண்டி ஜமுனாமரத்தூர் பக்கம் போகும்போது சாமைக் கொல்லைகளுக்கு நடுவே பலா மரங்களும் வீட்டுத் தோட்டங்களும் தெரியும். அப்படி ஒரு தோட்டத்தில், பலா நிழலில், தகப்பனார் காலத்தில் வைத்த அராபிகா செடிகள் சில இருந்தன. என்ன ரகம் என்று வீட்டுக்காரப் பெரியவருக்குத் தெரியவில்லை. நோய் மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

“மழை விட்டதும் வரும் வாத்தியாரே. இலைக்கு அடியில மஞ்சத்தூள் தட்டின மாதிரி ஆயிடும். அப்புறம் மளமளன்னு இலை கொட்டும். குச்சியில காய் மட்டும் நிக்கும், பழுக்காது.”

“மருந்து ஏதாவது அடிச்சீங்களா ஐயா?”

“இந்த நாலு செடிக்கா? வந்தா வரட்டும்னு விட்டுடுவோம்.”

மருந்தே படாத செடிகள் என்பது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. பொடியைச் சேகரிக்க மருந்துக்கடையில் கிடைக்கும் காலி ஜெலட்டின் கேப்ஸ்யூல் போதும். கேப்ஸ்யூலின் ஒரு பாதியை விரலில் பிடித்து, அதன் விளிம்பால் கொப்புளத்தை, அதாவது பொடி பூத்திருக்கும் புள்ளியை, மெல்ல வழித்தால் பொடி உள்ளே விழும். மற்றப் பாதியால் மூடி, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிடலாம். ஒரு கேப்ஸ்யூலில் ஒரே ஒரு கொப்புளத்தின் பொடிதான் இருக்க வேண்டும். ஒரே இலையில்கூட இரண்டு இனங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக வழித்துப் போட்டால் பிறகு வரும் முடிவுக்குப் பொருளே இருக்காது.

பறிக்கும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று. சில கொப்புளங்களின்மேல் வெள்ளைப் பஞ்சுபோல் ஒரு படலம் இருக்கும். அது துருவைத் தின்று வாழும் வேறொரு பூஞ்சை, லெக்கானிசிலியம். தோட்டத்துக்கு அது நண்பன். எங்கள் பெட்டிக்குள் புகுந்தால் துருவை வளரவிடாது. அதனால் அந்த இலைகளைத் தொடவில்லை. ஆரஞ்சு நிறத்தில் சின்னஞ்சிறு புழுக்கள் பொடியை மேய்வதையும் லென்ஸில் பார்த்தோம். ஒருவகைச் சிற்றீயின் புழுக்கள் அவை. அந்த இலைகளையும் விட்டுவிட்டோம்.

ஏற்காட்டுக்கு அதற்குப் பிறகுதான் போனோம். அந்த வரிசையை யோசித்தே வைத்தோம். ஏற்காட்டில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் காபி இருக்கிறது, புதுப் புது ரகங்கள் அடுத்தடுத்து நடப்பட்டிருக்கின்றன, ஆகவே துருவிலும் பல வகை இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே போன சட்டையோடும் பையோடும் ஜவ்வாது மலை ஏறினால், அந்தப் பெரியவரின் தோட்டத்துக்கு அதுவரை வராத ஒன்றை நாமே கொண்டுபோய் விட்டதாகிவிடும். துரு காற்றில் போகும், மழைத்துளியில் தெறித்துப் போகும், மனிதரின் துணியில் ஒட்டிக்கொண்டும் போகும். தோட்டம் தோட்டமாகச் சுற்றும் யாரும், ஆராய்ச்சிக்காரர் ஆனாலும் சுற்றுலா வந்தவர் ஆனாலும், இதை மனதில் வைக்க வேண்டும்.

சரி, பொடி வந்தாயிற்று. முதல் வேலை மைக்ராஸ்கோப். ஒரு துளி தண்ணீரில் கொஞ்சம் பொடியைக் கலந்து 400 மடங்கில் பார்த்தால், ஒவ்வொரு வித்தும், அதாவது பூஞ்சை பரவ உதவும் நுண்துகளும், ஆரஞ்சுச் சுளைபோல வளைந்திருக்கும், நீளம் சுமார் 30 மைக்ரான். புடைத்த பக்கம் முழுக்க முள், குழிந்த பக்கம் வழவழப்பு. ஒரு பக்கம் முள்ளும் மறுபக்கம் வழுவழுப்புமாக இருக்கும் இந்த வடிவத்தைப் பார்த்தாலே காபித் துரு என்று உறுதி சொல்லிவிடலாம். மாணவிகள் இருவரும் தனித்தனியாக வரைந்தார்கள். இரண்டு மலைகளின் வித்துகளையும் கலந்து கொடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது இலையின் அடிப்புறம். நெயில் பாலிஷை மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் செல்லோ டேப்பால் உரித்தெடுத்தால் தோலின் அச்சு அப்படியே வரும். காபி இலையின் மேற்புறத்தில் இலைத்துளைகளே கிடையாது, எல்லாம் அடியில்தான். துருப்பூஞ்சை நுழைவதும் அவற்றின் வழியாகத்தான், பல நாள் கழித்துப் புது வித்துகளோடு வெளியே வருவதும் அவற்றின் வழியாகத்தான். மற்றத் துருப்பூஞ்சைகள் பெரும்பாலும் இலையின் தோலைக் கிழித்துக்கொண்டு வெடித்து வரும். இது தோலைக் கிழிக்காது. இலைத்துளை வழியே கொத்தாகத் தலையை நீட்டி வித்துகளைக் கொட்டும். ஒரு கொப்புளம் சில மாதங்களில் மூன்று, நான்கு லட்சம் வித்துகளைக் கொட்டக்கூடியது.

வித்துகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்காமல் மேற்கொண்டு போகக் கூடாது. இரண்டு சதவீத அகாரை (கடற்பாசியிலிருந்து எடுக்கும், கூழாக உறையும் பொருள்) தண்ணீரில் மட்டும் காய்ச்சி பெட்ரி தட்டில் ஊற்றி, பிரஷ்ஷால் பொடியைத் தூவி, இருட்டில் வைக்க வேண்டும். 22 முதல் 24 டிகிரி வரை இருந்தால் நல்லது. எங்கள் வீட்டு அறை மார்கழியிலும் மதியத்தில் 29 டிகிரி காட்டியது. அதனால் மீன் கடைக்காரரிடம் தெர்மாகோல் பெட்டி வாங்கினோம். ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெட்டியின் இரு மூலைகளில் வைத்து, மீன் தொட்டிக்கு விற்கும் டிஜிட்டல் வெப்பமானியின் கம்பியை உள்ளே விட்டு மூடினோம். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, இரவில் ஒருமுறை பாட்டில் மாற்றினால் 21-க்கும் 24-க்கும் நடுவே நிற்கிறது. மின்சாரப் பெட்டியை நம்பியிருந்தால் கரண்ட் போகும்போதெல்லாம் மனம் பதைத்திருக்கும். இதில் அந்தக் கவலை இல்லை.

ஓர் இரவு கழித்துப் பார்த்தால் வித்துகளிலிருந்து முளைக்குழாய்கள் நீண்டிருந்தன. பெட்டிக்கு வெளியே, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்த தட்டில் முளைத்தவை மிகக் குறைவு. ஈரக்காற்று மட்டும் இருந்து தண்ணீர்ப் படலம் இல்லாத கண்ணாடித் தகட்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை. இருட்டு, மிதமான குளிர், இலைமேல் நிற்கும் நீர், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் துரு நுழையும். மழைக்கால இரவில் பலா நிழலில் இவை மூன்றுமே கிடைத்துவிடுகின்றன. இலங்கையில் காபி அழிந்துகொண்டிருந்த நாட்களில், 1880 முதல் 1882 வரை, மார்ஷல் வார்டு என்ற இளைஞர் இதையேதான் துளித் துளியாகச் செய்து பார்த்துக் கண்டுபிடித்தார். பூஞ்சைக்கு 1869-இல் பெயர் வைத்தாயிற்று. அது எப்படி நுழைகிறது என்று தெரிய வார்டு வரவேண்டியிருந்தது. அதற்குள் அங்கே பலர் தேயிலைக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள்.

இனி முக்கியமான பகுதி, ரகங்கள். இதற்குக் கொஞ்சம் பழைய கதை தேவை. 1911-இல் மைசூர்ப் பகுதியில் கென்ட் என்ற தோட்டக்காரர் தன் தோட்டத்தில் துரு பிடிக்காமல் நின்ற ஓர் அராபிகா செடியைக் கண்டு, அதன் விதையைப் பெருக்கினார். சில ஆண்டுகளுக்குக் கென்ட் காபிக்குத் துருவே வரவில்லை. பிறகு வந்தது. செடி மாறவில்லை, அப்படியென்றால் பூஞ்சை மாறியிருக்க வேண்டும். 1930-களில் பாலெஹொன்னூர் ஆய்வு நிலையத்தில் மேய்ன் என்ற ஆய்வாளர் இதைத் தெளிவாக நிறுவினார். பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் துருவில் வெவ்வேறு இனங்கள் உண்டு, ஓர் இனம் தொடாத காபியை இன்னோர் இனம் தொடும். காபித் துருவின் இனங்களை உலகில் முதலில் பிரித்துக் காட்டியது கர்நாடகத்து மலையில்தான் என்பதை வகுப்பில் நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்லுவேன்.

இதன் உள்ளே நடப்பது ஜோடிக் கணக்கு. செடியில் எதிர்ப்பு மரபணுக்கள் உண்டு. அவற்றுக்கு எஸ்.ஹெச்.1 முதல் எஸ்.ஹெச்.9 வரை பெயர். பூஞ்சையில் அவை ஒவ்வொன்றையும் முறியடிக்கும் மரபணு உண்டு, வி1 முதல் வி9 வரை. செடியிடம் இருக்கும் எதிர்ப்பு அத்தனைக்கும் பூஞ்சையிடம் பதில் இருந்தால் நோய் வரும். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் செடி தப்பிக்கும். உலகில் அதிகம் காணப்படும் இரண்டாம் இனத்திடம் வி5 மட்டும்தான் இருக்கிறது. கென்ட்டை வீழ்த்திய முதல் இனத்திடம் வி2-ம் வி5-ம் உண்டு. எஸ்.ஹெச்.3 லைபீரிகா காபியிலிருந்து வந்தது. 1940-களில் விவசாயிகளுக்குக் கிடைத்த எஸ்.795 ரகத்தின் பலம் அதுதான். எஸ்.ஹெச்.6 முதல் 9 வரை திமோர்த் தீவில் அராபிகாவும் ரொபஸ்டாவும் தானாகக் கலந்து உருவான செடியிலிருந்து வந்தவை. அந்தத் திமோர்க் கலப்பின் வாரிசுகள்தான் நம் காவேரி ரகமும் சந்திரகிரி ரகமும். காவேரி 1980-களில் வந்தது, சந்திரகிரி 2007-இல்.

ஆகவே எங்களுக்கு வேண்டிய இலைகள்: பெரியவர் வீட்டுச் செடி, எஸ்.795, காவேரி, சந்திரகிரி, ரொபஸ்டா. பெரியவர் வீட்டுச் செடி தவிர மற்றவற்றின் நாற்றுகளை முன்கூட்டியே வாங்கி, மொட்டைமாடியில் இரட்டை நிழல்வலைக்குள் தொட்டிகளில் வைத்திருந்தோம். அக்னி நட்சத்திரத்தில் அவற்றைக் காப்பாற்றியதுதான் இந்தத் திட்டத்திலேயே கடினமான வேலை. ஈரச்சாக்கை வலையைச் சுற்றித் தொங்கவிட்டு, நாளுக்கு மூன்று வேளை தண்ணீர் தெளித்தோம். அராபிகா முனை கருகியும் பிழைத்தது. ரொபஸ்டா அவ்வளவு சிரமப்படவில்லை. வாங்கிய நாளிலிருந்தே இலைகளின் அடிப்புறத்தை லென்ஸில் பார்த்துக்கொண்டே வந்தோம். ஏற்கெனவே துரு ஒளிந்திருக்கும் நாற்று இருந்தால் எல்லாம் வீணாகும்.

முழுச் செடிகளில் சோதிக்க இடம் வேண்டும், தனித்தனிக் கூண்டு வேண்டும். இலைத்துண்டு முறைக்கு மேசை போதும். நுனியிலிருந்து இரண்டாம், மூன்றாம் ஜோடி இலைகள், அதாவது முழுதாக விரிந்தும் இன்னும் முற்றாத இலைகள், சரியானவை. முற்றிய இலையில் சில ரகங்களின் எதிர்ப்பு மாறிவிடுகிறது. தளிர் சீக்கிரம் அழுகும். வட்டமாக வெட்ட ஆம்பூரில் செருப்பு, ஷூ வேலைக்குச் சாமான் விற்கும் கடையில் 18 மில்லிமீட்டர் தோல் பஞ்ச் வாங்கினேன். தோலை வெட்டும் கருவிக்கு இலை ஒரு பொருட்டே இல்லை, விளிம்பு நசுங்காமல் சுத்தமாக வருகிறது. விளிம்பு நசுங்கினால் அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும், ஆகவே இது அற்ப விஷயம் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கருவி சுலபமாகக் கிடைக்கும்.

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஸ்பாஞ்சைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பரப்பி, அதன்மேல் நைலான் வலை, வலைமேல் இலைத்துண்டுகள். அடிப்புறம் மேலே பார்க்க வேண்டும். ஒவ்வொரு டப்பாவிலும் எல்லா ரகங்களும் கலந்து இருக்கும்படி, சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்கினோம். ஓர் ஓரம் கொஞ்சம் குளிராகவும் இன்னோர் ஓரம் கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருந்தால் அது ஒரு ரகத்துக்கு மட்டும் சாதகமாகிவிடக் கூடாது.

வித்துகளைத் தண்ணீரில் கலக்க ட்வீன் 20 என்ற, சோப்புபோல் வேலை செய்யும் திரவம் ஒரு துளி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மிதந்துகொண்டே இருக்கும். ரத்த அணு எண்ணும் கண்ணாடித் தகட்டில் எண்ணி, மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் என்ற அளவுக்கு நீர்க்கச் செய்தோம். துண்டுக்கு 0.025 மில்லி வைக்க வேண்டும். மைக்ரோ பிப்பெட் இல்லாதவர்கள் 40 யூனிட் இன்சுலின் ஊசியை வாங்கிக்கொள்ளலாம். ஒரு மில்லிக்கு 40 கோடு, ஆகவே ஒரு கோடு சரியாக 0.025 மில்லி. ஊசி முனையைக் கழற்ற முடியாத வகை என்றால் இலையில் படாமல் துளியை மட்டும் தொட்டு இறக்க வேண்டும். சில துண்டுகளுக்கு வெறும் தண்ணீர்த் துளி. அவற்றில் துரு வந்தால் எங்கோ கலந்துவிட்டது என்று பொருள். இந்த முறை அவை கடைசிவரை சுத்தமாகவே இருந்தன.

துளி வைத்த இரவு முழுக்க இருட்டில். காலையில் துளியை வடிகட்டும் தாளின் ஓரத்தால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், நின்றால் கறுப்புப் பூஞ்சை வரும். அதற்கப்புறம் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில், வெயில் நேரே படாமல், பகலில் மட்டும் குளிர்ப்பெட்டியின் மூடியைக் கண்ணாடிக்கு மாற்றி வைத்தோம். ஜவ்வாதுத் துரு ஓர் அறையில், ஏற்காட்டுத் துரு இன்னோர் அறையில். பிரஷ், ஊசி, இடுக்கி எல்லாம் தனித்தனி. ஒன்றைத் திறந்த நாளில் மற்றதைத் திறப்பதில்லை.

இதில் ஒரு நுணுக்கம். ஒரு கொப்புளத்துப் பொடி சோதனைக்குப் போதாது, முதலில் பெருக்க வேண்டும். எதில் பெருக்குகிறோமோ அதுவே தேர்வு செய்துவிடும். காவேரியில் பெருக்கினால் காவேரியைத் தாக்கத் தெரிந்தவை மட்டுமே மிஞ்சும். எதிர்ப்பு மிகக் குறைந்த செடியில் பெருக்குவதுதான் சரி. பெரியவர் வீட்டுச் செடியின் துரு படாத தளிர்க்கிளை இலைகள் இரண்டு மலைகளின் துருவையும் தடையில்லாமல் ஏற்றன. அதிலேயே பெருக்கினோம்.

பிறகு காத்திருப்பு. இரண்டு வாரம் வாக்கில் வெளிறிய புள்ளிகள் தெரியத் தொடங்கும். பொடி வர மூன்று முதல் ஐந்து வாரம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு, ஒரே நேரத்தில் பார்வை. புள்ளி மட்டும், வீக்கம், வெளிறல், கொஞ்சம் பொடி, நிறையப் பொடி என்று வரிசையாகக் குறித்தோம்.

ஜவ்வாதுத் துரு பெரியவர் வீட்டுச் செடியில் தாராளமாகவும் எஸ்.795-இல் ஓரளவும் பொடி தந்தது. காவேரியில் வெறும் புள்ளிகள். செடியின் செல்கள் தாமாகவே இறந்து பூஞ்சையை அங்கேயே முடக்கியதன் தழும்பு அது. சந்திரகிரியில் லென்ஸ் இல்லாமல் ஒன்றும் தெரியாது, ரொபஸ்டாவில் ஒன்றுமே இல்லை. ஏற்காட்டுத் துரு எஸ்.795-ஐயும் தாண்டிக் காவேரியிலும் பொடி கொட்டியது. எல்லாத் துண்டிலும் அல்ல, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கொட்டியது. சந்திரகிரியில் சில வீக்கங்களோடு நின்றது. ரொபஸ்டாவில் இதுவும் தோற்றது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு பொடிகள் காவேரி இலை என்ற ஓரிடத்தில் வந்து பிரிந்துவிட்டன. திமோர்க் கலப்பின் எதிர்ப்பில் ஏதோ ஒரு பகுதிக்கு ஏற்காட்டுத் துருவிடம் பதில் இருக்கிறது, ஜவ்வாதுத் துருவிடம் இல்லை. காரணமும் ஊகிக்கக்கூடியதே. காவேரி மாதிரி ரகங்களைப் பல ஆண்டுகளாகச் சந்தித்த மலையில் அந்தத் திறன் கொண்ட துருக்கள் பெருகும். பெயர் தெரியாத பழைய அராபிகா மட்டும் நிற்கும் தோட்டத்தில் அந்தத் திறனால் பயன் ஒன்றுமில்லை. இவை எத்தனையாவது இனம் என்று நான் சொல்ல மாட்டேன். விதையில் வரும் காவேரிச் செடிகள் எல்லாம் ஒரே மரபு கொண்டவை அல்ல. இன எண் கொடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவும் தெரிந்த அளவுகோல் செடிகளின் முழு வரிசை வேண்டும். ஒய்ராஸ் போன்ற இடங்களில்தான் அது இருக்கிறது.

மாணவிகள் கேட்ட ஒரு கேள்வி என்னை நெடுநேரம் பிடித்துக்கொண்டது. இந்தப் பூஞ்சைக்குப் பாலினப் பெருக்கம் இருப்பதாகத் தெரியவில்லையே, பிறகு எங்கிருந்து இத்தனை வேறுபாடு வருகிறது? கோதுமைத் துருவுக்கு பார்பெரிச் செடிபோல, மற்றத் துருக்கள் பலவற்றுக்கும் கலந்து பிறக்க இரண்டாவது ஒரு செடி உண்டு. காபித் துருவுக்கு அப்படி ஒரு செடியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. குளிர்கால வித்துகள் என்ற வேறொரு வகை எப்போதாவது உண்டாகின்றன, முளைக்கின்றன, ஆனால் அதில் வரும் சிறு வித்துகள் காபியைப் பிடிப்பதில்லை. ஆரஞ்சுப் பொடி ஒன்றேதான் அதன் வம்சத்தை நடத்துகிறது. ஒவ்வொரு வித்திலும் சேராமல் இருக்கும் இரண்டு உட்கருக்கள்.

2011-இல் வந்த ஓர் ஆய்வு, அந்தப் பொடிக்குள்ளேயே சில உட்கருக்கள் இணைந்து பிரிவதற்கான தடயம் இருப்பதாகச் சொன்னது. வெளியே தெரியாமல் நடக்கும் கலப்பு. 2018-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு இன்னும் தெளிவான படம் தந்தது. ஒய்ராஸ் சேகரிப்பிலிருந்த மாதிரிகள் மூன்று கிளைகளாகப் பிரிந்தன. இரண்டு கிளைகள் ரொபஸ்டா போன்ற இருமடியக் காபிகளை (குரோமோசோம் தொகுதி இரண்டு மட்டும் உள்ளவை) சார்ந்தவை, மூன்றாவது அராபிகாவையும் திமோர்க் கலப்பின் வாரிசுகளையும் சார்ந்தது. கிளைகளுக்கு நடுவே மரபணுக்கள் கொஞ்சம் கைமாறியிருப்பதும் தெரிந்தது. எங்கள் ரொபஸ்டாத் துண்டுகள் இரண்டு துருவுக்கும் அசையாமல் நின்றது இதோடு ஒத்துப்போகிறது. அராபிகாவில் எடுத்த பொடி அராபிகாக் கிளையைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும்.

இதன் மரபணுத்தொகுதியின் அளவும் வியப்புத்தான். ஏறக்குறைய 80 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். ரொட்டி ஈஸ்ட்டில் 1.2 கோடி. பூஞ்சைகளில் அறியப்பட்ட மிகப் பெரிய தொகுதிகளில் இது ஒன்று, அதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் தொடர்கள், இடம் மாறிக் குதிக்கக்கூடியவை. அவை குதித்து விழும் இடத்தில் ஒரு மரபணு கெட்டுப்போகலாம். அந்த மரபணுதான் செடிக்கு அதுவரை எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது என்றால், அந்த விபத்தே பூஞ்சைக்கு ஒரு புதுத் திறனாகிவிடும். எதிரில் நிற்கும் அராபிகாவோ உலகம் முழுவதும் மிகக் குறுகிய மரபு கொண்டது. ஏமன் வழியாகப் போன கொஞ்சம் விதைகளின் வாரிசுகள்தான் பெரும்பாலான தோட்டங்களில் நிற்கின்றன. 1970-இல் பிரேசிலில் துரு காணப்பட்டபோதும், 2012-இல் மத்திய அமெரிக்காவில் வெடித்தபோதும் அது அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோதனை முடிந்ததும் டப்பா, ஸ்பாஞ்ச், இலைத்துண்டு எல்லாவற்றையும் கட்டிப் பிரஷர் குக்கரில் இருபது நிமிடம் வேகவைத்தோம். கேப்ஸ்யூல்களையும்தான். இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள், சொந்தமாகக் காபித் தோட்டம் உள்ள மலையில் இருந்தால், வெளி மலைப் பொடியைத் தயவுசெய்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். உங்கள் தோட்டத்துத் துருவை மட்டும் வைத்துச் செய்யுங்கள்.

பெரியவருக்குச் சொல்ல எங்களிடம் இருந்தது போர்டோ கலவை என்ற பழைய பூஞ்சைக்கொல்லிதான். அதற்கு எந்த இனம் என்ற கணக்கே இல்லை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 200 லிட்டர் தண்ணீர் என்பது அரை சதவீதக் கலவை. அவருடைய செடிகளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துக் கலந்து, பளபளப்பான கத்தியை அதில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்க்கச் சொன்னோம். கத்தியில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். மழைக்கு முன்னால், இலையின் அடிப்புறம் நனையும்படி அடிக்க வேண்டும். நிழல் மிக அடர்ந்திருந்த இடத்தில் பலாவின் தாழ்ந்த கிளைகள் சிலவற்றைக் கழிக்கவும் சொன்னோம். இலை சீக்கிரம் காய்ந்தால் துருவுக்கு முளைக்க நேரம் கிடைக்காது. சந்திரகிரி நாற்று வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம், ஆனால் இந்தப் பழைய செடிகளை எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அடுத்த மார்கழிக்கு அவற்றின் இலை எங்களுக்குத் தேவைப்படும். அப்போது வரிசையில் லைபீரிகாவையும் சேர்த்து, ஒரே தோட்டத்தின் வெவ்வேறு செடிகளிலிருந்து தனித்தனிக் கொப்புளங்களை எடுத்து, ஒரு தோட்டத்துக்குள்ளேயே எத்தனை வகை இருக்கிறது என்று பார்க்கப் போகிறோம்.